ஆளில்லாத பாலத்துக்குத் தூக்கின கை

ஆளே இல்லாத வீட்டைப் பார்த்து நீங்க எப்பவாவது கையைத் தூக்கியிருக்கீங்களா?

அவசரப்பட்டு இல்லைன்னு சொல்லிடாதீங்க. தெரிஞ்சவங்க இருந்துட்டுப் போன வீடு, பூட்டிக் கிடக்குது. அந்தப் பக்கமா போறப்ப கழுத்து தானா திரும்பும். கை பாதி வரைக்கும் மேல போயிடும். அப்புறம்தான் யாரும் இல்லையேன்னு மூளைக்கு உறைக்கும். தூக்கின கைக்கு ஒரு வேலை குடுக்கணுமேன்னு தலையைச் சொறிஞ்சுட்டு கீழ இறக்குவோம்.

அந்த மாதிரி ஒரு கையைத்தான் ஹிஸ்கே அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில இருந்து ஃபோன்ல திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டு இருந்தா. ஒரு பாய்மரப் படகு. சுக்கான் பிடிச்சு ஒரு ஆள். மஞ்சள் மழைக்கோட்டு, தலைமூடி மூக்கு வரைக்கும். மேல எழுந்து நிக்கிற பாலத்துக்கு நடுவுல படகு நுழையுது. அந்த ஆள் இடது பக்கம் இருக்கிற பாலத்துக்காரங்க குடிசையை அண்ணாந்து பார்த்து கையைத் தூக்குது. குடிசையில ஆள் இல்ல. ஏப்ரல்ல இருந்தே இல்ல. கேமராவை வெச்சுட்டாங்க. முப்பது கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருத்தர் பொத்தானை அமுக்கினா பாலம் எழும்பும்.

"பதினாலு தடவை பார்த்துட்டேன் ஸ்கிப்பர். இன்னொரு தடவை பார்த்தா அந்தக் கை எனக்கு டாட்டா காட்டிடும்."

"கயிறைப் பிடி. மதகு வந்தாச்சு," அப்படின்னாரு ரெய்ண்டர்.

ரெய்ண்டர் ஹோக்மா இருபத்தாறு வருஷம் நீர்ப் போலீஸ்ல இருந்தவரு. ரிட்டயரானப்புறம் சொந்தமா ஒரு பழைய இரும்புப் படகு, சொந்தமா துப்பறியிற வேலை. வாய் அதிகம் திறக்க மாட்டாரு. அவரு பேசாததையும் சேர்த்துப் பேசத்தான் ஹிஸ்கே இருக்கா. அவ முன்னாடி ஒரு கால்வாய்ல தோணி ஓட்டினவ. அங்க பாலம் கட்டினாங்க, தோணி போச்சு. "பாலம் என் பொழப்பைத் தின்னுச்சு. இப்போ கேமரா பாலத்துக்காரி பொழப்பைத் தின்னுது. கேமராவைத் தின்ன ஒண்ணு வராமலா போயிடும்"னு சொல்லிட்டுத்தான் இந்தக் கேஸை எடுக்கச் சொல்லி அவரை அரிச்சா.

கேஸ் இதுதான். மார்சைல் ஊர்ல வீப்ரன்னு ஒருத்தர். படகுப் பட்டறை வெச்சிருக்காரு, ஊர்க் கால்வாய்க் கமிட்டிக்குத் தலைவரும் அவருதான். அவங்க அப்பா கையால செஞ்ச படகு ஒண்ணு இருந்துச்சு, பேரு கீவித். போன வியாழக்கிழமை சாயங்காலம் அது துறையில இருந்து காணாமப் போச்சு. வெள்ளிக்கிழமை காலையில ஏரி நாணலுக்குள்ள, அடி வால்வு திறந்து, முழுகிக் கிடந்துச்சு. பாய்மரம் மட்டும் வெளிய நின்னுச்சு.

"பௌக்யா வேலைதான்"னு வீப்ரன் போலீஸ்ல சொல்லிட்டாரு. பௌக்யா முப்பத்தொரு வருஷம் அந்தப் பாலத்தைத் தூக்கி இறக்கினவங்க. கேமரா வைக்கலாம்னு கமிட்டியில கையெழுத்து போட்டது வீப்ரன். அன்னிக்கு ஊரே இருக்கிற காபிக் கடையில பௌக்யா என்ன சொன்னாங்கன்னா, "உன் படகும் ஒரு நாள் அடி மண்ணைப் பார்க்கும்." வாயில வந்தது வந்துடுச்சு. இப்போ அந்தப் பேச்சே சாட்சி. புதன்கிழமை, அதாவது நாளைக்கு, காலையில ஒன்பது மணிக்கு போலீஸ் வந்து கூட்டிட்டுப் போகும். வழக்கு பதிவானா பாலத்தோரம் இருக்கிற வீட்டையும் காலி பண்ணணும். அது வேலையோட வந்த வீடு, இதுவரைக்கும் விட்டு வெச்சிருக்காங்க.

நேத்து சாயங்காலம் பௌக்யா புகை போட்ட விலாங்கு மீனை காகிதத்துல சுத்தி எடுத்துட்டு ரெய்ண்டர் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. மீன்தான் ஃபீஸ். கிளம்புறப்ப ஹிஸ்கே கையில ஒரு காசைத் திணிச்சாங்க. "இதைப் பாரும்மா. வெள்ளிக்கிழமை காலையில என் வாசப்படியில கிடந்துச்சு. ஊர்ப் பசங்க என் மேல செல்லாக் காசு வீசுறாங்க."

ஒரு பக்கம் ராணி தலை. இன்னொரு பக்கம் இறக்கையே இல்லாத குண்டு கோழி ஒண்ணு, நீள மூக்கோட. ஏதோ டாலர்னு போட்டிருந்துச்சு. டூரிஸ்ட் யாராவது தவற விட்டிருப்பான்னு ஹிஸ்கே அதை சட்டைப் பைக்குள்ள போட்டுக்கிட்டா.

இப்போ அவங்க ரெண்டு பேரும் கீவித் போன அதே வழியில போறாங்க. துறை, மதகு, பாலம், ஏரி. வேற வழி கிடையாது.

படகை மேல்மட்டத் தண்ணியில இருந்து கீழ்மட்டத்துக்கு இறக்குற மதகுத் தொட்டிக்குள்ள நுழைஞ்சதும் பின்னாடி கதவு மூடிக்கிச்சு. மதகுக்காரர் ஊனே மேல கைப்பிடியில சாஞ்சு சர்க்கரை ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தாரு. தண்ணி இறங்க ஆரம்பிச்சுது. ஹிஸ்கே கயிறைத் தூண்ல ஒரு சுத்து சுத்தி, நுனியைக் கையிலயே வெச்சுக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா விட்டா.

"முடிச்சு போடலையே, நல்ல பொண்ணு," அப்படின்னாரு ஊனே.

"தண்ணி இறங்குற மதகுல முடிச்சு போட நான் என்ன வாடகைப் படகா?"

"அதை ஏன் கேக்குற! போன வியாழக்கிழமை ஒரு வாடகைப் படகு. குடும்பமே உக்காந்து சூப் குடிக்குது. கயிறை இறுக்கி முடிச்சு போட்டு வெச்சிருக்காங்க. தண்ணி கீழ போகுது, படகு கயித்துல தொங்குது, சூப்பு மடியில! நான் ஓடிப் போய் தண்ணியை நிறுத்தி, கத்தியைத் தூக்கிப் போட்டு..."

ரெய்ண்டர் மெதுவா கேட்டாரு. "வியாழன்னா, கீவித் போன அன்னிக்கா?"

"அதே நேரம்தான். ஆறு மணி. அது பின்னாடி நின்னுச்சு. நான் சூப்புல மாட்டிக்கிட்டேன், மூஞ்சியைப் பார்க்கல."

"அவனா, அவளா? அதாவது தெரியுமா?" அப்படின்னா ஹிஸ்கே.

"மழைக்கோட்டுக்குள்ள எங்க அம்மா இருந்தாலும் எனக்குத் தெரியாது. ஆனா வேலை சுத்தம். கயிறு கிறீச்சுன்னு சத்தம்கூடப் போடல. ஒண்ணு கவனிச்சேன். படகு சுவர்ல முட்டாம தள்ள கொக்கிக் கழி வேணும்னு ஆச்சு. குனிஞ்சு தேடல. பார்வை முன்னாடியே இருக்கு, கை மட்டும் பின்னாடி போய் இடது பலகைக்கு அடியில இருந்து கழியை உருவுது. சமையலறையில உப்பு டப்பா எடுக்கிற மாதிரி."

"நீங்க யாருன்னு நெனச்சீங்க?"

"வீப்ரன்தான்னு நெனச்சேன். கத்திக் கூப்பிட்டேன், திரும்பல. வீப்ரன் எப்போதான் திரும்பினான், அதனால சந்தேகம் வரல."

ஹிஸ்கே ரெய்ண்டரைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினா. மதகுச் சுவர்ல ஒரு காபி மெஷின் இருந்துச்சு. படகு இன்னும் அந்த உயரத்துல இருக்கிறப்பவே எட்டி, கோழிக் காசை உள்ள தள்ளிப் பார்த்தா. மெஷின் கடகடன்னு முழுங்கிட்டு, பிடிக்காத மருந்து மாதிரி வெளிய துப்பிடுச்சு.

"மெஷினுக்கே தெரியுது," அப்படின்னு காசை எடுத்துக்கிட்டா.

முன் கதவு திறந்துச்சு. பச்சை விளக்கு. கால்வாய் நேரா ஓடுச்சு, ரெண்டு பக்கமும் மாடுங்க. ஹிஸ்கேவுக்கு வாய் நிக்கல.

"கேஸ் முடிஞ்சுது ஸ்கிப்பர். எண்ணிக்கோங்க. வீப்ரன் போலீஸ்ல குடுத்த வீடியோ, கை தூக்குறதுக்கு நாலு நொடி முன்னாடி நின்னு போகுது. முழு வீடியோ கன்ட்ரோல் ரூம்ல இருக்கிற என் பழைய ஆள் மூலமாத்தான் வந்துச்சு. அவன் கல்யாணம் பண்ணிக்க லாயக்கில்ல, வீடியோ அனுப்ப லாயக்கு. ஆக, வீப்ரன் கையை வெட்டிட்டாரு. ஏன்? அது அவரோட கை."

"ம்."

"அடுத்தது. ஏரியோரம் நாணல் பதினோரு கிலோமீட்டர். காணாமப் போன படகை ஒருத்தர் தேடினா ஒரு நாள் ஆகும். இவரு காலையில ஏழு மணிக்கு போறாரு, நேரா அந்த இடத்துல போய் நிக்கிறாரு. இப்போ கொக்கிக் கழி. அது எங்க இருக்குன்னு கைக்கே தெரியுது. பௌக்யா பாலத்து மேலேயே வாழ்ந்தவங்க, கீவித்ல ஒரு நாளும் ஏறினது இல்ல. சொந்தப் படகை முழுக அடிச்சுட்டு பழியை அவங்க தலையில போட்டுட்டாரு மனுஷன்."

"நல்லாத்தான் இருக்கு," அப்படின்னாரு ரெய்ண்டர். "கை மட்டும் ஒத்து வரல."

"கைக்கு என்ன? முப்பது வருஷமா பாலத்துக்காரிக்கு நன்றி சொன்ன கை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்."

"நன்றி சொல்ற கை எப்படி இருக்கும்? காட்டு."

ஹிஸ்கே கையைத் தூக்கிக் காட்டினா. விரல் அஞ்சும் விரிஞ்சிருந்துச்சு.

"அந்தக் கையைப் பாரு. பதினஞ்சாவது தடவை."

பார்த்தா. வீடியோவுல கை மேல போச்சு. விரல் விரியல. மூடுச்சு, திறந்துச்சு, மறுபடி மூடுச்சு. காத்துல எதையோ பிடிக்கப் பார்த்து ஏமாந்த மாதிரி. படகு கேமராவுக்கு அடியில மறையிற வரைக்கும் கை மேலயேதான் இருந்துச்சு.

"கொசு அடிக்கிறாரோ?"

ரெய்ண்டர் சிரிக்கல. அவருக்கு எதுவோ புரிஞ்சுடுச்சுன்னு ஹிஸ்கேவுக்குத் தெரிஞ்சுது. கேட்டா சொல்ல மாட்டாரு. அது அவரோட கெட்ட குணத்துல மூணாவது.

பாலத்துக்கு முன்னாடி இருந்த மேடையில படகைக் கட்டிட்டு பௌக்யா வீட்டுக்குப் போனாங்க. பௌக்யா அட்டைப் பெட்டியில தட்டுங்களை செய்தித்தாள்ல சுத்தி அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. போலீஸ் வர்றதுக்கு முன்னாடியே காலி பண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

"ஏன் இவ்வளவு அவசரம்?" அப்படின்னா ஹிஸ்கே.

"என் தட்டை இன்னொருத்தர் சுத்தினா உடைஞ்சுடும்."

ரெய்ண்டர் ஃபோனை நீட்டினாரு. "முழு வீடியோ. நீங்க இதைப் பார்க்கலைன்னு நெனைக்கிறேன்."

பௌக்யா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பார்த்தாங்க. படகு வந்துச்சு. கை மேல போச்சு. மூடுச்சு, திறந்துச்சு. பௌக்யா முகம் சட்டுன்னு மாறுச்சு. ஒரு நொடிதான். அப்புறம் ஜன்னல் சாத்தின மாதிரி ஆயிடுச்சு. ஃபோனைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

"யாருன்னு தெரியல."

"நல்லா பாருங்க..."

"தெரியலைன்னு சொன்னேன். தட்டு சுத்தணும் எனக்கு."

ஹிஸ்கே அட்டைப் பெட்டியைப் பார்த்தா, பௌக்யாவைப் பார்த்தா. நாளைக்கு வீடு போகப் போகுது, பேரு கெடப் போகுது, காப்பாத்த வந்தவங்க கிட்டேயே பொய் சொல்றாங்க. அப்போ வீப்ரன் சொன்னது நிஜமா? இந்த அம்மாவும் அந்த மழைக்கோட்டு ஆளும் கூட்டாளியா? விலாங்கு மீனே லஞ்சமா?

ரெய்ண்டர் வேற எதையோ கேட்டாரு. "அந்த மரச்செருப்பு இன்னும் வெச்சிருக்கீங்களா?"

பௌக்யா கையில இருந்த தட்டு அப்படியே நின்னுச்சு.

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா கேக்குற ஆளு இல்ல நீங்க." கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாங்க. அப்புறம் உள்ள போய் ஒரு தூண்டில் கழியைக் கொண்டு வந்தாங்க. கயித்து நுனியில சின்ன மரச்செருப்பு ஒண்ணு தொங்குச்சு. மஞ்சள் பெயின்ட் பாதி உரிஞ்சு போயிருந்துச்சு. படகு பாலத்தைத் தாண்டுறப்ப மேல இருந்து இதை ஆட்டி இறக்குவாங்க. படகுக்காரர் பாலக் காசை அதுக்குள்ள போடணும். "ஏழு வருஷமா ஆணியில தொங்குது. பாலத்துக்கு இனிமே காசு வேண்டாம்னு வீப்ரனோட கமிட்டியே எடுத்துடுச்சு."

"இன்னும் அரை மணி நேரத்துல நாங்க பாலத்தைத் தாண்டுவோம். கரையில நின்னு இதை இறக்குங்க. முன்னாடி எப்படி செஞ்சீங்களோ அப்படியே."

"யாரு சுக்கான் பிடிக்கிறது?"

"வீப்ரன்."

பௌக்யா யோசிச்சாங்க. செருப்பைத் தடவிப் பார்த்தாங்க. "சரி," அப்படின்னாங்க. அந்தச் சரியில என்ன இருந்துச்சுன்னு ஹிஸ்கேவுக்கு விளங்கல.

பட்டறை அங்க இருந்து அஞ்சு நிமிஷ நடை. வீப்ரன் ஒரு படகோட வயித்துக்கு அடியில படுத்துக்கிட்டு சுரண்டிக்கிட்டு இருந்தாரு. ஐம்பது வயசு, அகலமான தோள், யாரையும் நேரா பார்க்காத கண்ணு.

"கீவித் கிடந்த இடத்தைக் காட்டணும். எங்க படகுலயே போயிட்டு வந்துடலாம்," அப்படின்னாரு ரெய்ண்டர்.

"போலீஸுக்குக் காட்டியாச்சு."

"எனக்குக் காட்டலையே."

"வீடியோ ஏன் பாதியில நிக்குது?" ஹிஸ்கே நடுவுல புகுந்தா.

"ஃபைல் பெருசு. முழுசா போகல."

"நாலு நொடி பெருசா?"

வீப்ரன் அவளைப் பார்க்காம ரெய்ண்டர் கிட்ட சொன்னாரு. "இந்தப் பொண்ணை எங்க பிடிச்சீங்க?"

"தண்ணியில மிதந்து வந்துச்சு," அப்படின்னாரு ரெய்ண்டர். "வர்றியா, இல்ல வர மாட்டேன்னு எழுதிக்கவா?"

வரலைன்னா மத்தவங்க கண்ணுக்கு அது எப்படித் தோணும்னு வீப்ரனுக்கே தெரியும். கையைத் துடைச்சுட்டு வந்தாரு.

படகுல ஏறினதும் ரெய்ண்டர், "சுக்கான் நீ பிடி, எனக்கு தோள் வலி," அப்படின்னு நகர்ந்து உக்காந்துக்கிட்டாரு. அவருக்கு தோள் வலி வந்து ஹிஸ்கே பார்த்ததே இல்ல. வீப்ரன் பொத்தானை அமுக்கிட்டு காத்திருந்தாரு. சிவப்பு விளக்கு. அப்புறம் சிவப்புக்குக் கீழ பச்சையும் சேர்ந்து எரிஞ்சுது. ரோட்டுல மணி அடிச்சுது, சைக்கிள்காரங்க நின்னாங்க, பாலம் எழுந்து நின்னுச்சு. பச்சை.

வீப்ரன் படகை நேரா உள்ள விட்டாரு. வேலை சுத்தம்தான். குடிசை இருந்த பக்கம் திரும்பக்கூட இல்ல. ஹிஸ்கே அவரோட வலது கையையே பார்த்துக்கிட்டு இருந்தா. இப்போ தூக்குவான். இப்போ...

மரச்செருப்பு மேல இருந்து ஆடிக்கிட்டே இறங்குச்சு.

வீப்ரன் அதைப் பார்க்கவே இல்ல. நிழல் மூஞ்சியில விழுந்ததும் பதறிக் குனிஞ்சாரு. செருப்பு அவர் தொப்பியைத் தட்டித் தண்ணியில தள்ளிட்டு, ஆடிக்கிட்டே அந்தப் பக்கம் போச்சு.

"என்ன எழவு இது!"

"கையைத் தூக்கலையே ஸ்கிப்பர்," அப்படின்னா ஹிஸ்கே. காலையில இருந்து அடுக்கி வெச்சிருந்த சீட்டுக் கோபுரம் அவ கண்ணு முன்னாடி சரிஞ்சுது. "குனிஞ்சுட்டாரே!"

"குனிவான். இந்த ஊர்ல எல்லாருமே குனிவாங்க," அப்படின்னாரு ரெய்ண்டர். "செருப்பு போய் ஏழு வருஷமாச்சு. வாராவாரம் இந்தப் பாலத்தைத் தாண்டுற எவனும் அதை எதிர்பார்க்க மாட்டான். வியாழக்கிழமை போனவன் கை தூக்கினது நன்றிக்கு இல்ல ஹிஸ்கே. செருப்பைப் பிடிக்க. செருப்பு வரும்னு நம்பித்தான் தூக்கினான். அது போயிடுச்சுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. கீவித்ல கொக்கிக் கழி எங்க இருக்குன்னு தெரியும். ஆனா ஏழு வருஷமா இந்தக் கால்வாய்ல இல்ல. வீப்ரன், யாரு அது?"

படகு தானா கரைப் பக்கம் ஒதுங்குச்சு. மேல இருந்து பௌக்யா குரல் வந்துச்சு.

"சொல்லு வீப்ரன். செருப்பை குதிகால் பக்கமா பிடிக்கிறவன் உங்க வீட்டுல ஒருத்தன்தானே இருந்தான். நீ எப்பவும் உள்ள உக்காந்துக்குவே. காசு போடுறது யோரிட்."

யோரிட். வீப்ரனோட தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு நியூஸிலாந்துக்குப் போனவன். ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, யாரும் பேசாத கதை.

ஹிஸ்கே சட்டைப் பைக்குள்ள கையை விட்டா. காசை எடுத்துப் பார்த்தா. இறக்கை இல்லாத குண்டுப் பறவை, நீள மூக்கு.

"ஸ்கிப்பர், இது கோழி இல்ல. கிவி! நியூஸிலாந்துப் பறவை!" அவளுக்குத் தன்னையே நாலு அறை அறையணும் போல இருந்துச்சு. "இதை காபி மெஷினுக்குள்ள போட்டேனே! செருப்பு வரல. கையில காசு இருக்கு. கொண்டு வந்த காசைத் திருப்பி எடுத்துட்டுப் போக மனசு வரல. உங்க வாசப்படிக்கு வீசிட்டுப் போயிருக்கான் பௌக்யா."

பௌக்யா கழியைத் தரையில ஊன்றிக்கிட்டாங்க.

"உங்களுக்கு வீடியோ பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு," அப்படின்னா ஹிஸ்கே. "ஏன் மறைச்சீங்க?"

"கோவத்துல அவன்தான் படகை முழுகடிச்சான்னு நெனச்சேன். இத்தனை வருஷம் கழிச்சு வந்தவனை நானே எப்படிப் பிடிச்சுக் குடுப்பேன்? எனக்கு வீடு வேணும்தான். அதுக்காக அப்படியா?"

"அவன் முழுகடிக்கல," அப்படின்னாரு ரெய்ண்டர். வீப்ரனையே பார்த்துக்கிட்டு சொன்னாரு. "கொண்டு வந்த காசையே விட்டுட்டுப் போறவன் அப்பா செஞ்ச படகுல வால்வைத் திறக்க மாட்டான். பதினோரு கிலோமீட்டர் நாணல் வீப்ரன். நேரா போனியே. எப்படித் தெரியும்?"

வீப்ரன் சுக்கானை விட்டாரு. பலகையில உக்காந்தாரு. தொப்பி இல்லாத தலை ரொம்ப வழுக்கையா இருந்துச்சு.

"சின்ன வயசுல அப்பா கூட சண்டை வந்தா கீவித்தை எடுத்துட்டு அந்த நாணலுக்குள்ள போய் ஒளிஞ்சுப்பான்," அப்படின்னாரு. "அப்பா பிளாஸ்க்ல காபி போட்டு எடுத்துக்கிட்டு கரையோரமா நடந்தே போவாரு. ரெண்டு பேரும் குடிச்சுட்டு ஒண்ணா திரும்பி வருவாங்க. எனக்காக அவரு அப்படி நடந்தது இல்ல. நான் எங்கேயும் ஒளியல, அதனாலயோ என்னமோ."

பாலம் மெதுவா இறங்கி மூடுச்சு. நின்ன சைக்கிள்காரங்க போனாங்க.

"வியாழக்கிழமை சாயங்காலம் வீடியோவுல அந்தக் கையைப் பார்த்தேன். உடனே தெரிஞ்சுது. விடியட்டும்னு இருந்து போனேன். படகு ஒழுங்கா கட்டியிருந்துச்சு. தளத்தைத் தொடச்சு வெச்சிருந்தான். அவன் இல்ல, முதல் பஸ்ல போயிட்டான் போல. சீட்டு மட்டும் இருந்துச்சு."

"என்ன சீட்டு?"

வீப்ரன் பர்ஸ்ல இருந்து நாலா மடிச்ச காகிதத்தை எடுத்தாரு. கிழிச்சுப் போட மனசு வரலன்னு அதைப் பார்த்தாலே தெரிஞ்சுது. ரெய்ண்டர் வாங்கிப் படிச்சாரு.

'அப்பா, ராத்திரி முழுக்க காத்திருந்தேன். நீங்க வரல. கோவம் இன்னும் போகலைன்னு புரியுது. புதன்கிழமை வரைக்கும் ஸ்நேக் ஊர்ல தங்கியிருக்கேன். நம்பர் கீழ இருக்கு. யோரிட்.'

ஹிஸ்கே சீட்டை எட்டிப் பார்த்தா. "அப்பா..."

"மார்ச் மாசமே செத்துட்டாரு," அப்படின்னாங்க பௌக்யா. "இவன்தான் அடக்கத்துல எழுந்து நின்னு சொன்னான். தம்பிக்கு எழுதிட்டேன், வர மாட்டேன்னு பதில் போட்டுட்டான்னு. ஊரே யோரிட்டைத் திட்டுச்சு. நானும்தான் திட்டினேன். வீப்ரன், நீ எழுதவே இல்ல. இல்லையா?"

வீப்ரன் தண்ணியைப் பார்த்தாரு. அவர் தொப்பி கொஞ்ச தூரத்துல சுத்திக்கிட்டு இருந்துச்சு.

"எழுத உக்காந்தேன். முதல் வரி வரல. அப்புறம் நாள் போயிடுச்சு. அடக்கத்துல எல்லாரும் கேட்டாங்க, வாயில வந்ததைச் சொல்லிட்டேன். வால்வை நான்தான் திறந்தேன். படகை யாரோ திருடி முழுகடிச்சதா ஆயிட்டா அவன் வந்ததே தெரியாம போயிடும்னு நெனச்சேன். புதன்கிழமை தாண்டிட்டா அவனும் பிளேன் ஏறிடுவான்."

"யாரோ இல்ல," அப்படின்னா ஹிஸ்கே. அவளுக்குக் கிண்டல் எதுவும் வாயில வரல. "இவங்க பேரைச் சொன்னீங்க. இவங்க தட்டு சுத்திக்கிட்டு இருக்காங்க."

"இவதான் காபிக் கடையில எல்லார் முன்னாடியும் சொன்னா. தோதா இருந்துச்சு."

"முப்பத்தொரு வருஷம் உன் படகுக்கு பாலம் தூக்கியிருக்கேன்டா," அப்படின்னாங்க பௌக்யா. அவ்வளவுதான் சொன்னாங்க. கழியில கயிறைச் சுத்திக்கிட்டு வீட்டுக்குள்ள போயிட்டாங்க.

ரெய்ண்டர் சீட்டை ஹிஸ்கே கிட்ட நீட்டினாரு. "நான் போலீஸுக்குப் பேசுறேன். நீ இந்த நம்பருக்குப் பேசு."

"நானா? என்னன்னு ஆரம்பிக்கிறது?"

"எந்நேரமும் பேசுறவதானே நீ."

ஹிஸ்கே படகோட முன் பக்கம் போய் உக்காந்தா. நம்பரை அழுத்தினா. மணி மூணு தடவை அடிச்சதும் ஒரு குரல், தூங்கி எழுந்த மாதிரி, "அப்பாவா?" அப்படின்னு கேட்டுச்சு.

அவ வாழ்க்கையிலயே முதல் தடவையா, என்ன சொல்றதுன்னு தெரியாம கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அப்புறம் உண்மையைச் சொன்னா.

மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு போலீஸ் வண்டி வந்துச்சு. பௌக்யா வீட்டைத் தாண்டிப் போய் பட்டறை வாசல்ல நின்னுச்சு. யோரிட் எட்டரை மணிக்கே வந்துட்டான். அவனும் பௌக்யாவும் சர்ச் பின்னாடி இருக்கிற அப்பா கல்லறைக்கு கால்வாய்க் கரையோரமா நடந்து போனாங்க. அவன் கையில ஒரு பிளாஸ்க் இருந்துச்சு.